நேரலைக்கு முப்பது நாள்: மலையகத்தின் இணையப் பதிவுகளை எடுத்து வைக்கும் முறை

மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், வரமுடியாத உறவுகள் இப்போது பேஸ்புக் நேரலையில்தான் முகம் பார்க்கிறார்கள். கொழும்புக் கடையில் நிற்கும் மகனுக்கும் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன மகளுக்கும் அந்த வீடியோதான் கடைசிப் பார்வை. பதினாறாம் நாள் கருமாதி முடிகிறது. அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அந்த வீடியோ அழிந்துவிடும். 2025 பெப்ரவரி 19 முதல் பேஸ்புக்கில் நடைமுறையில் உள்ள விதி இது: நேரலை முடிந்து 30 நாள் வரைதான் அதை மறுபடி பார்க்கலாம், பிறகு அது தானாக நீக்கப்படும். மாசி மாதக் காமன் கூத்து, கோயில் தேர், சம்பளக் கூட்டம், பாடசாலை விளையாட்டுப் போட்டி, எல்லாவற்றுக்கும் அதே முப்பது நாள்தான்.

ஆகவே முதலில் வேண்டியது ஒரு வரிசை. எது முதலில் அழியுமோ அதை முதலில் எடுக்க வேண்டும். நேரலைக்கு முப்பது நாள். வட்ஸ்அப் படம் ஒரு போன் தொலைகிற வரைக்கும். இணையத்தளம் அதன் ஆண்டுக் கட்டணம் கட்டப்படுகிற வரைக்கும். அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குள் திறக்க முடியாமல் போய்விட்டன. பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. சாதாரண மக்களின் தளங்களை இலவசமாகத் தாங்கிய ஜியோசிட்டீஸ் 2009இலும் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டன. கூகுளில் இரண்டு ஆண்டு எட்டிப் பார்க்காத கணக்கை 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நேரலையை இறக்குவது

வீடியோவை இறக்கும் வசதி அதை ஒளிபரப்பியவருக்கும் அந்தப் பக்கத்தின் நிர்வாகிக்கும் மட்டுமே கிடைக்கும். கணினியில் வீடியோவைத் திறந்து, மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் தரவிறக்கும் தெரிவு வரும். வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவான ஒரு மணி நேர வீடியோ ஏறத்தாழ 900 மெகாபைட் இருக்கும். தோட்டத்து சிக்னலில் அதை இறக்கத் தொடங்கிப் பாதியில் அறுந்தால் அரைகுறைக் கோப்புத்தான் மிஞ்சும். அது திறக்கும், ஓடும், நடுவில் நின்றுவிடும். அதனால் இறக்கியதும் கடைசி ஐந்து நிமிடத்தை ஓடவிட்டுப் பாருங்கள். டவுனில் நல்ல இணைப்புள்ள கொமியூனிகேஷன் கடையில் செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, அந்தக் கணினியில் இறங்கிய கோப்பையும் அழித்துவிட வேண்டும்.

வீடியோவோடு கருத்துகள் வராது. சாவு வீட்டு நேரலையின் கீழே எழுதப்படும் இரங்கல் வரிகள் பல வேளைகளில் வீடியோவைவிடப் பெறுமதியானவை. யார் எந்த ஊரில் இருக்கிறார், யார் யாருக்கு என்ன முறை என்பது அங்கேதான் எழுத்தில் கிடக்கிறது. அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். வழியைப் பிறகு சொல்கிறோம்.

நேரலைக்கு இன்னொரு குறையும் உண்டு. சிக்னல் குறையும்போது அனுப்பும் போன் படத்தின் தரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அந்த மங்கல்தான் பேஸ்புக்கில் பதிவாகும். முடிந்தால் இரண்டாவது போன் ஒன்றில் சாதாரணக் கேமராவால் அதே நிகழ்ச்சியைப் பிடியுங்கள். தப்பு மேளத்தின் சத்தம் அதில்தான் சரியாக விழும்.

முழுக் கணக்கையும் பேஸ்புக்கிலிருந்து கேட்டு வாங்கலாம். பேஸ்புக் அமைப்புகளில் உள்ள அக்கவுண்ட்ஸ் சென்டரில் உங்கள் தகவலைத் தரவிறக்கும் பகுதிக்குப் போய், காலத்தை 'எல்லா நாளும்' என்றும் படத்தின் தரத்தை 'உயர்' என்றும் மாற்ற வேண்டும். தானாக இருக்கும் தெரிவுகளை அப்படியே விட்டால் பழைய ஆண்டுகளும் நல்ல படங்களும் விடுபட்டுப் போகலாம். கோப்பு வகையில், உலாவியில் அப்படியே திறந்து படிக்கக்கூடிய எச்டிஎம்எல்லைத் தேர்ந்தெடுங்கள். நிரல்கள் படிப்பதற்கான ஜேசன் வேண்டாம். காரணம் தமிழ் எழுத்து. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. பேஸ்புக்கின் ஜேசன் கோப்பு அந்த மூன்றையும் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாக எழுதிவைக்கிறது. திறந்தால் தமிழே தெரியாது, நிரல் எழுதத் தெரிந்தவர்தான் சீர்செய்ய முடியும். கோப்பு தயாரானதும் நான்கு நாளுக்குள் இறக்கிவிட வேண்டும். மற்றவர்கள் குழுவில் இட்ட பதிவுகள் இதில் வராது, உங்களுடையவை மட்டுமே.

இணையப் பக்கத்தைப் படியெடுப்பது

லிங்க் என்பது ஒரு விலாசம் மட்டுமே. விலாசத்தை எழுதி வைத்துக்கொண்டால் வீடு இடியாமல் இருக்காது. நாம் 'பக்கம்' என்று பார்ப்பதும் ஒரே பொருளல்ல: எழுத்து ஒரு கோப்பு, படங்கள் ஒவ்வொன்றும் தனிக் கோப்பு, அழகமைப்பு இன்னொன்று, இயங்கும் நிரல்கள் வேறு. இவற்றில் சில வேறு நாட்டுக் கணினிகளிலிருந்து வரும். ஒன்று போனாலும் பக்கம் ஊனமாகும். பேஸ்புக் படத்தின் நேரடி லிங்க்குக்குள்ளேயே காலாவதித் தேதி எழுதப்பட்டிருக்கிறது, அதனால் அதைக் குறித்து வைப்பதில் பயனில்லை.

பொதுப் பக்கங்களுக்கு எளிய வழி, சான்பிரான்சிஸ்கோவில் இயங்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷின். இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைத்துப் பிறகு காட்டும் சேவை அது. ஆர்க்கைவை 1996இல் தொடங்கியவர் புரூஸ்டர் கேல். வேபேக் மெஷின் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 2001இல். வெப் டாட் ஆர்க்கைவ் டாட் ஓஆர்ஜி என்ற தளத்தில் 'சேவ் பேஜ் நௌ' என்ற கட்டத்தில் லிங்க்கை ஒட்டி அழுத்தினால், அவர்களுடைய கணினி அந்தப் பக்கத்துக்குப் போய்த் துண்டுகள் எல்லாவற்றையும் எடுத்து, வார்க் என்ற வடிவில் அடுக்கும். எந்த நேரம் எந்தக் கோப்பு கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்பதும் சேர்ந்தே பதிவாகும். வார்க் ஐஎஸ்ஓ 28500 என்ற சர்வதேசத் தரம் என்பதால் நாளைக்கு வேறு மென்பொருளாலும் திறக்கலாம். இறக்கும் பாரத்தைச் சுமப்பது அந்தக் கணினி. உங்கள் போன் அனுப்புவது விலாசத்தை மட்டும். டேட்டா குறைவாக இருக்கிற நாளிலும் ரீலோட் செய்யாமல் செய்துவிடக்கூடிய வேலை இது.

படியெடுத்த லிங்க்கின் நடுவில் 14 இலக்கம் இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி. அது உலகப் பொது நேரம். இலங்கை ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே அதிகாலை 5.30க்கு முன் எடுத்த படியில் முதல்நாள் தேதி விழும். சான்றாகக் காட்டும்போது இதைச் சொல்ல வேண்டும்.

எடுத்த படியைத் திறந்து அடிவரை பாருங்கள். பக்கம் ஏற்கெனவே அழிந்திருந்தால் 'காணவில்லை' என்ற அறிவிப்பே பத்திரமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். பேஸ்புக் லிங்க் கொடுத்தால் பெரும்பாலும் கடவுச்சொல் கேட்கும் பக்கம்தான் பதிவாகும். கீழே இழுக்க இழுக்க வரும் பக்கங்களில் முதல் திரை மட்டும் வரும். வீடியோ பல நேரம் வராது. இந்த ஒரே இடத்தை நம்பியிருப்பதும் சரியல்ல. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் மீது இணையத் தாக்குதல் நடந்தபோது சில நாள் அந்தத் தளமே திறக்கவில்லை.

கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருப்பவற்றுக்கு குரோம் உலாவியில் சேர்த்துக்கொள்ளும் ஆர்க்கைவ்வெப் டாட் பேஜ் என்ற நீட்சி இருக்கிறது. கணினியில் அதை நிறுவி, பதிவைத் தொடங்கி, நீங்கள் பார்க்க வேண்டிய பதிவைத் திறந்து, 'மேலும் கருத்துகள்' என்பதை ஒவ்வொன்றாக அழுத்தி, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனால் போதும். உங்கள் உலாவிக்கு வந்து சேர்ந்தது எதுவோ அது பதிவாகும். அழுத்தாதது பதிவாகாது. முன்னே சொன்ன இரங்கல் வரிகளை எடுக்க இதுவே வழி. முடிவில் கிடைக்கும் டபிள்யூஏசிஇசட் கோப்பை ரீப்ளேவெப் டாட் பேஜ் என்ற தளத்தில் திறக்கலாம். நீங்கள் உள்நுழைந்த நிலையில் எடுத்த பதிவு என்பதால் உங்கள் கணக்கின் தனிப்பட்ட விவரங்களும் அதற்குள் இருக்கக்கூடும். அந்தக் கோப்பைப் பொதுவில் ஏற்றாதீர்கள்.

2000களின் ஆரம்பத்தில் எழுதப்பட்ட இலங்கைத் தமிழ்த் தளங்களை வேபேக் மெஷினில் தேடுவோர் ஒரு தடையில் நின்றுவிடுகிறார்கள். பக்கம் திறக்கிறது, தமிழ் இல்லை, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. பக்கம் கெடவில்லை. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. பாமினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து விசைகள். எழுத்துரு இருந்தபோது அவை தமிழாகத் தெரிந்தன. அந்த வரிகளை அப்படியே படியெடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாமினி–யூனிகோட் மாற்றியில் ஒட்டினால் தமிழ் திரும்பி வரும். மூலத்தையும் மாற்றியதையும் இரண்டையும் வையுங்கள், ஏனென்றால் மாற்றிகள் ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கிச் சிதைத்துவிடும்.

வட்ஸ்அப்பும் யூடியூப்பும்

வட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்தால் படங்களோடு கடைசி 10,000 செய்திகள், படங்கள் இல்லாமல் 40,000 செய்திகள் கிடைக்கும். சுறுசுறுப்பான குழுவில் அது சில மாதத்துக்குக்கூட வராது, எனவே காலாண்டுக்கு ஒருமுறை எடுங்கள். போனில் இறக்காமலே விட்ட பழைய படம் ஏற்றுமதியில் வராது. வட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பும் படம் சுருக்கப்படுகிறது, எடுத்த தேதியும் இடமும் அதிலிருந்து நீங்கிவிடுகின்றன. பழைய குடும்பப் படத்தை யாரிடமாவது கேட்டால் 'டொகியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். மூலக் கோப்பு மாறாமல் வரும். யூடியூப்பில் உங்கள் சொந்த வீடியோவை ஸ்டூடியோவிலிருந்து இறக்குவதைவிட கணக்கில் உள்ளவற்றின் பிரதியைத் தரும் கூகுள் டேக்அவுட்டில் கேட்பது நல்லது, ஏற்றிய தரத்திலேயே தருகிறார்கள்.

பெயரும் விவரமும்

கோப்பு பிழைத்தும் அது என்னவென்று யாருக்கும் தெரியாமல் போவதுதான் அதிகம் நடக்கிற இழப்பு. பெயரை ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்குங்கள், கணினி அவற்றைக் கால வரிசையில் தானே அடுக்கும். பக்கத்தில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எந்த நிகழ்ச்சி, தோட்டத்தின் எந்தப் பிரிவு, யார் எடுத்தது, எந்த லிங்க்கிலிருந்து எந்த நாளில் எடுத்தது என்று எழுதுங்கள். மலையகத்தில் பல தோட்டங்களுக்கு அலுவலகப் பெயர் ஒன்று, சனங்கள் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று. இரண்டையும் எழுதாவிட்டால் நாளை தேடுபவருக்கு அகப்படாது. 2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது எடுத்த படங்கள் எத்தனையோ போன்களில் இருக்கின்றன. எந்த இடம், எந்த நாள் என்று நடந்தவர்கள் இப்போதே எழுதிவைத்தால்தான் அவை வரலாறாகும்.

எங்கே வைப்பது

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். இந்த விதியின் கடைசிப் பகுதி மலைநாட்டில் மிக முக்கியம். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்கள் என்ற தோட்டத்து வரிசை வீடுகள் புதைந்தன, அவற்றுக்குள் இருந்தவையும் புதைந்தன. ஒரே லயத்தின் இரண்டு காம்பராவில் (அறையில்) இருக்கும் இரண்டு பிரதி உண்மையில் ஒரு பிரதிதான்.

பென்ட்ரைவ் நீண்ட காலத்துக்கு ஆகாது. அதில் தகவல் மின்னேற்றமாக அடைபட்டிருக்கிறது, மின்சாரம் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது மெல்லக் கசியும். பல பென்ட்ரைவ்கள் ஃபாட்-32 முறையில் வருவதால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றினால் ஏற்கும், மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும் என்பதால் வெறுமையான பென்ட்ரைவில் செய்யுங்கள். ஹார்ட்டிஸ்க்குக்கு எதிரி ஈரமும் அடுப்புப் புகையும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். குளிரான இடத்திலிருந்து எடுத்தவுடன் செருகாமல் அரை மணி நேரமாவது அறையின் வெப்பத்துக்கு வரவிடுங்கள். இடி முழங்கும் நேரத்தில் கணினியில் செருகி வைக்க வேண்டாம்.

பிரதி கெட்டிருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. செவன்-சிப் என்ற இலவச மென்பொருளை நிறுவிய கணினியில் கோப்பின் மேல் வலப்பொத்தானை அழுத்தினால் கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 வரியைக் கணக்கிடும் தெரிவு வரும். 64 குறிகள் கொண்ட ஒரு வரி கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி முழுக்க மாறிவிடும். சேமித்த அன்று அதை விவரக் கோப்பில் எழுதுங்கள், அடுத்த ஆண்டு மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அந்தப் பிரதியை வீசிவிட்டு நல்ல பிரதியிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வெளியிட வேண்டியதில்லை. சாவு வீட்டு வீடியோ அந்தக் குடும்பத்துடையது, பிள்ளைகளின் படம் பெற்றோர் சம்மதத்துக்கு உரியது. சங்க மலர், பாடசாலைச் சஞ்சிகை, கூத்துப் பதிவு போன்றவற்றை உரியவரிடம் அனுமதி வாங்கி, 2005இல் தொடங்கிய நூலகம் என்ற ஈழத்துத் தமிழ் எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கலாம். அங்கே தேடுபவர்களும் கண்டடைவார்கள்.

வேறு ஊரில் இருக்க வேண்டிய பிரதிக்கு மலையகக் குடும்பங்களிடம் வசதியான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் ஏறி வருவார்கள். வரும்போது அங்கே வைத்திருக்கும் டிஸ்க்கைக் கொண்டுவரட்டும். விடுமுறையில் இரண்டு டிஸ்க்கிலும் ஷா-256 வரிகளை ஒப்பிட்டு, அந்த ஆண்டு சேர்ந்ததை ஏற்றி, திரும்பும்போது ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.