சிங்க் சிக்னல்: ஒத்தியக்கக் குறிகை

பழைய குழாய்த் தொலைக்காட்சியில் படம் மேலும் கீழும் உருண்டோடும்போது, பெட்டியின் 'வெர்ட்டிகல் ஹோல்டு' குமிழை மெல்லத் திருகி அதை நிறுத்தியவர்கள், சிங்க் சிக்னலைப் பெயர் தெரியாமலே அறிந்தவர்கள். 'சிங்க்' என்பது 'சிங்க்ரொனைசேஷன்' என்பதன் சுருக்கம். கிரேக்கத்தில் 'சின்' என்றால் உடன். 'க்ரோனோஸ்' என்றால் காலம்.

இக்குறிகை படத்தின் ஒளியையோ நிறத்தையோ சுமப்பதில்லை. படத்தின் அடுத்த வரி எப்போது தொடங்கும், அடுத்த சட்டகம், அதாவது அடுத்த முழுப்படம், எப்போது தொடங்கும் என்பதை மட்டுமே திரைக்குச் சொல்கிறது. கணினியைத் திரையோடு இணைக்க 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ இணைப்பில் 13ஆம் ஊசி வரிக்கு, 14ஆம் ஊசி சட்டகத்துக்கு. 640×480 புள்ளித் திரைக்கு நொடிக்கு ஏறத்தாழ 31,469 வரித் துடிப்புகளும் 60 சட்டகத் துடிப்புகளும் செல்லும். துடிப்பு வராமல் போவதும் ஒரு செய்திதான்: திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பின் டிபிஎம்எஸ் என்னும் மின்சேமிப்பு முறையில் இரண்டும் நின்றால், திரை தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று பொருள்.

காப்புரிமை வழக்குகளில் இச்சொல்லின் எல்லையே வழக்கின் போக்கை மாற்றிவிடக்கூடும். அமெரிக்காவில் இவ்வகை மேல்முறையீடுகளை 1982 முதல் விசாரித்துவரும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம், உரிமைக் கோரலில் (காப்புரிமையின் எல்லையை வரையறுக்கும் பகுதியில்) உள்ள சொல்லுக்கு அத்துறையில் சாதாரணத் தேர்ச்சி பெற்ற ஒருவர், கண்டுபிடிப்பை விளக்கும் காப்புரிமையின் விவரணத்தோடு சேர்த்துப் படித்துக் கொள்ளும் பொருளையே கொள்ள வேண்டும் என்று ஃபிலிப்ஸ் எதிர் ஏடபிள்யூஎச் வழக்கில் 2005இல் வலியுறுத்தியது. எடுத்துக்காட்டாக, இன்றைய திரைகளை இணைக்கும் ஹெச்டிஎம்ஐ வடத்தில் சிங்க்குக்கெனத் தனிக் கம்பி கிடையாது. வழக்கமாக நீல நிறத்துக்குரிய தடத்திலேயே, படத்தரவு ஓயும் இடைவெளியில், அது குறிமுறையாகச் செல்கிறது. தனிக்கம்பித் துடிப்பை மனத்தில் வைத்து எழுதிய உரிமைக் கோரல் இதையும் தழுவுமா? விடை விவரணத்தின் வாசகத்தில்தான் இருக்கிறது.

தமிழில் கைபேசிகள் 'ஒத்திசை' என்கின்றன. தொடர்புகளின் பட்டியலையோ மின்னஞ்சலையோ இரு கருவிகளில் ஒன்றுபோல் வைத்திருப்பதற்கு அது பொருந்தும். ஆனால் இசை என்றதும் சுருதியே முதலில் காதில் விழுகிறது. நாகசுர மேளத்தில் ஒத்து ஊதுபவர் காப்பது சுருதியை, காலத்தைக் காப்பது தாளம் போடுபவர். திரைக்குத் தேவை இரண்டாமவரின் வேலை. எனவே 'ஒத்தியக்கம்' என்பதே நெருக்கமான சொல். சிக்னலைச் சேர்த்து 'ஒத்தியக்கக் குறிகை' எனலாம். 'சமிக்ஞை' பழகிய சொல்லாயினும் போக்குவரத்து விளக்கை நினைவூட்டுகிறது. காப்புரிமை ஆவணத்தை மொழிபெயர்ப்பவர், 'வரி ஒத்தியக்கக் குறிகை', 'சட்டக ஒத்தியக்கக் குறிகை' எனப் பிரித்து, தொடக்கம் முதல் முடிவு வரை அவற்றையே ஆள வேண்டும். இடையில் சொல்லை மாற்றினால் வேறொரு குறிகை பேசப்படுவதாகவே எதிர்த்தரப்பு வாதிடும்.