சாளைக் கறியில் கொடம்புளி, டப்பாவில் கார்சீனியா

குழித்துறைப் பக்கம் எங்கள் வீட்டில் சாளைக் (மத்தி மீன்) கறிக்குக் கொடம்புளி என்ற புளிப்புப் பழத்தின் காய்ந்த தோல் இல்லையென்றால் அன்றைக்கு மீனே வாங்க மாட்டார்கள். மழைக்காலத்தில் மஞ்சளாகப் பழுத்து விழுவதைப் பொறுக்கி, விதையை எடுத்துவிட்டு, தோலை வெயிலிலும் வெயில் இல்லாத நாளில் அடுப்புப் புகையிலும் கறுக்கக் கறுக்கக் காயவைப்பார்கள். மண்சட்டிக் கறி மறுநாளும் கெடாமல் இருப்பதற்கு அந்தப் புளிப்பும் ஒரு காரணம். இதே தோலின் சாற்றைப் பொடியாக்கி ‘கார்சீனியா’ என்ற பெயரில் எடை குறைக்கும் கேப்ஸ்யூலாக விற்கிறார்கள். என் சித்தப்பா ஒரு டப்பா வாங்கி வந்து, "நம்ம கொடம்புளிதானே மக்களே, என்ன செய்யப் போவுது?" என்று கேட்டார்.

கொடம்புளியின் சரக்கு ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்துக்குக் கிட்டத்தட்ட இரட்டைப் பிறவி, கூடுதலாக ஒரு ஹைட்ராக்ஸில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு) மட்டும் ஒட்டியிருக்கும். 1965இல் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகத்தை (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) சேர்ந்த லூயிஸும் நீலகண்டனும்தான் இதை அடையாளம் கண்டார்கள்.

சோறு அதிகமாகி, செல்லுக்கு வேண்டிய சக்தி நிறைந்துவிட்டால், செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் இன்னொரு வடிவம்) வெளியே வரும். ஏ.டி.பி. சிட்ரேட் லையேஸ் என்ற என்சைம் (செல்லுக்குள் வேதிவேலை செய்யும் புரதம்) அதை வெட்டி அசிட்டைல் கோ-ஏ என்ற துண்டைக் கொடுக்கும், அந்தத் துண்டிலிருந்துதான் கொழுப்பும் கொலஸ்ட்ராலும் உருவாகின்றன. கொடம்புளி அமிலம் சிட்ரேட் மாதிரியே இருப்பதால் என்சைமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வழியை அடைத்துவிடுகிறது. எலிகளில் இது நன்றாகவே வேலை செய்தது, கொழுப்பு உற்பத்தியும் குறைந்தது, தீனி தின்பதும் குறைந்தது.

மனிதர்களில்? 1998இல் அமெரிக்காவில் உடல் பருத்த 135 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குத் தினமும் 1,500 மில்லிகிராம் இந்த அமிலமும் மற்றதற்கு வெறும் போலி மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். அமிலம் சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள், போலி மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ! புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை, இருந்தாலும் கேப்ஸ்யூல் விற்பவர் வாயைத் திறக்க முடியாத கணக்கு. எனக்குத் தெரிந்த முக்கியக் காரணம், வழக்கமான சாப்பாட்டில் மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் வேலையை நம் உடம்பு எலி அளவுக்குச் செய்வதில்லை என்பதுதான். நம் இடுப்பில் சேர்வதில் பெரும்பங்கு எண்ணெய், தேங்காய், இறைச்சி வழியாகக் கொழுப்பாகவே உள்ளே வந்தது. ஆள் அதிகம் நடக்காத தெருவை அடைத்து என்ன பயன்?

பயன் இல்லையென்பதோடு விட்டுவிடலாம் என்றால் கல்லீரல் விடவில்லை. கார்சீனியா கலந்த கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மஞ்சள்காமாலையோடு கடுமையான கல்லீரல் பாதிப்பு வந்து, அபூர்வமாக மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் போயிருக்கிறது. அப்போ கறிக்குப் போடலாமா என்றார் சித்தப்பா. தாராளமாக. சட்டியில் நாலு துண்டு போட்டு வீடே பங்கிட்டுச் சாப்பிடுவது ஒன்று, செறிவாக்கிய சாற்றை வேளை தவறாமல் மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. போதாததற்கு, சூட்டில் இந்த அமிலத்தில் ஒரு பங்கு லாக்டோன் என்ற வடிவத்துக்கு மாறும், அந்த வடிவம் என்சைமை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

ஆனால் என்சைம் விஷயம் வீணாகப் போகவில்லை. அதே சிட்ரேட் லையேஸைக் குறிவைத்து, கொடம்புளியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஆய்வகத்தில் உருவாக்கிய பெம்பிடோயிக் அமிலம் என்ற மருந்துக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எடைக்கு அல்ல, கெட்ட கொலஸ்ட்ராலுக்கு. விழுங்கும்போது அது செயலற்றது, அதை முடுக்கிவிடும் என்சைம் கல்லீரலில் இருக்கிறது, கைகால் தசையில் இல்லை. அதனால் கொலஸ்ட்ராலைக் குறைக்க வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டுத் தசைவலியால் அவதிப்படுபவர்களுக்கு இது ஒரு மாற்று. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாத கிட்டத்தட்ட 14,000 பேரை வைத்துச் செய்த சோதனையில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 13 சதவீதம் குறைந்ததாக 2023இல் முடிவு வந்தது. யூரிக் அமிலத்தைக் கூட்டும் என்பதால் கவுட் (யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டுவலி) உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.