அமெரிக்காவில் லோ பவர் டிவி: உரிமம் உண்டு, பாதுகாப்பு இல்லை

அமெரிக்காவில் ஆன்டெனா வைத்து டிவி பார்ப்பவர்கள் ஸ்கேன் போட்டால் 30.1, 30.2, 30.3 என்று ஒரே எண்ணுக்குக் கீழே சேனல்கள் வரிசையாக வந்து விழும். அப்படி வருபவற்றில் பல, லோ பவர் உரிமம் பெற்ற, அதாவது குறைந்த சக்தியில் ஒளிபரப்பும் சிறு நிலையங்களுடையவை.

இந்த உரிமத்தை அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1982இல் கொண்டுவந்தது. சிற்றூர்களுக்கும், பெருநகரங்களில் வாழும் சிறு சமூகங்களுக்கும் தங்களுக்கென்று ஒரு டிவி வேண்டும் என்பதுதான் நோக்கம். யுஎச்எஃப் என்ற அலைவரிசைப் பகுதியில் பெரிய நிலையம் 1,000 கிலோவாட் வரை போகலாம், இவர்களுக்கு 15தான்.

சக்தி குறைவு என்பதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. இந்த உரிமம் சட்டப்படி இரண்டாம் நிலை. பெரிய நிலையத்துக்கு இடைஞ்சல் தரக்கூடாது, அதனிடமிருந்து இடைஞ்சல் வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். 2016-17இல் 38 முதல் 51 வரையிலான சேனல்களின் இடம் செல்போன் நிறுவனங்களுக்குப் போனபோது இவர்களைக் காப்பாற்ற எந்த விதியும் இல்லை. வேறு சேனல் கிடைத்தவர்கள் மாறினார்கள். மாறிய செலவைத் திருப்பித் தரவே 2018இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது!

சரி, வருமானம்? அங்கேதான் 30.2, 30.3 போன்ற துணைச் சேனல்கள் வருகின்றன. ஒரு நிலையத்துக்குக் கிடைக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் நொடிக்குச் சுமார் 19.39 மெகாபிட் போகும். அதை எத்தனை துண்டாகவும் போடலாம், ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம் வேண்டாம். ஒரு சேனலாவது இலவசமாக, சாதாரணத் தரத்திலாவது ஓட வேண்டும், அவ்வளவுதான். பழைய படம், பிரசங்கம், டிவி வழி விற்பனை என்று மற்றதை வாடகைக்கு விடுகிறார்கள். ஊர்ச் செய்திக்கென்று பிறந்த நிலையத்தில் ஊர்ச் செய்தியே இல்லாமல் போவது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. கேபிளில் கட்டாயம் இடம் கேட்கும் உரிமையும், சில விதிவிலக்குகள் தவிர, இவர்களுக்குக் கிடையாது.

பாதுகாப்பு வேண்டுமென்றால் ‘கிளாஸ் ஏ’ தகுதி பெற வேண்டும். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி தினம் 18 மணி நேர ஒளிபரப்பு, வாரத்துக்குச் சராசரி 3 மணி நேரம் உள்ளூர்த் தயாரிப்பு. பழைய நிலையங்களோடு அந்தக் கதவு அடைபட்டது. 2023 ஜனவரிச் சட்டம் மறுபடி திறந்தது; அதுவும் 95,000 டிவி வீடுகளுக்கு மேல் இல்லாத சந்தைகளுக்கு, ஓராண்டுக்கு மட்டும். நிலையத்தின் அடையாள எழுத்துகளான அழைப்புக்குறி ‘எல்டி’ என்று முடிந்தால் டிஜிட்டல் லோ பவர், ‘சிடி’ என்றால் கிளாஸ் ஏ.

அப்புறம் ஒன்று: நிலையம் அலைவரிசை மாறினாலும் திரையில் தெரியும் எண் பெரும்பாலும் மாறாது. அதனால் 30.2 திடீரென்று காணாமல் போனால் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருக்காமல் முதலில் மறுபடி ஸ்கேன் போட்டுப் பாருங்கள்.