கதைச்சுருக்கத்தில் திணறும் நாவலாசிரியர்கள்

பதிப்பகத்துக்கு வரும் கைப்பிரதிகளைப் படித்துத் தேர்வு செய்வது என் பணி என்பதால், நல்ல நாவலோடு மோசமான கதைச்சுருக்கம் வந்து சேர்வதை அடிக்கடி காண்கிறேன். 400 பக்கங்களைச் சலிக்காமல் எழுதியவர், அதையே ஒரு பக்கத்தில் சொல்லும்படி கேட்டால் தடுமாறிப்போகிறார். ஒவ்வொரு பாத்திரத்தோடும் பல காலம் வாழ்ந்துவிட்டவருக்கு யாரை விடுவது என்றே புரிவதில்லை. ஆகவே எல்லாரையும் அழைத்து வந்து ஆளுக்கொரு வாக்கியம் கொடுத்துவிடுகிறார்.

பின்னட்டைக் குறிப்பையும் கதைச்சுருக்கத்தையும் ஒன்றென எண்ணுவது பரவலான குழப்பம். பின்னட்டை வாசகரை உள்ளே இழுப்பதற்கானது. அங்கே முடிவை மறைக்கலாம். பதிப்பாசிரியருக்கு அனுப்பும் சுருக்கத்தில் முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலும் முதல் சில அத்தியாயங்களை மட்டுமே மாதிரியாகப் பார்க்கும் எங்களுக்கு, தொடங்கிய கதையை ஆசிரியர் கரை சேர்த்திருக்கிறாரா என்பதை அறிய வேறு வழியில்லை. ‘அவள் எடுத்த முடிவு என்ன?’ என்று கேள்விக்குறியோடு நிற்கும் சுருக்கம், எங்களுக்கு ஆவலைத் தூண்டுவதில்லை, ஐயத்தையே தருகிறது.

உண்மையான சிக்கல் காரண காரியத் தொடர்பில் இருக்கிறது. ‘தந்தை இறந்தபின் மீரா ஊர் திரும்புகிறாள். பழைய கடிதங்கள் கிடைக்கின்றன. தம்பியோடு சண்டை மூள்கிறது. வீட்டை விட்டுக்கொடுக்கிறாள்’ என்று ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். நான்கும் நிகழ்ச்சிகள்தாம், ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. இதையே, ‘வீட்டை விற்றுத் தன் கடனை அடைத்துவிடலாம் என்று வரும் மீரா, தம்பி தன் படிப்பைக் கைவிட்டு உழைத்துத்தான் அந்த வீட்டை மீட்டான் என்பதைத் தந்தையின் கடிதங்களிலிருந்து அறிகிறாள், அந்தத் தியாகத்தைத் தன்னிடம் மறைத்ததற்காக அவனோடு மோதினாலும், இறுதியில் கடனைத் தானே சுமப்பதென முடிவு செய்து வீட்டை அவனுக்கே விட்டுக்கொடுக்கிறாள்’ என்று எழுதினால், அவள் விரும்பியது எது, அதற்குக் குறுக்கே வந்தது எது, அவளை மாற்றியது எது என்பன தெளிவாகிவிடுகின்றன. கடிதத்தின் மொழிநடையோ, அண்டை வீட்டாரின் கிளைக்கதையோ இங்கே தேவையில்லை, அவை நாவலில் எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும்.

வடிவத்தைப் பொறுத்தவரை, நாவல் ‘நான்’ என்று தன்மையில் எழுதப்பட்டிருந்தாலும் சுருக்கத்தை ‘அவன்’, ‘அவள்’ என்று படர்க்கையிலும் நிகழ்காலத்திலும் எழுதுவதே பரவலான வழக்கம். மூன்று நான்கு பாத்திரங்களுக்குமேல் பெயர் சொல்ல வேண்டாம். மற்றவர்களை ‘தம்பி’, ‘வழக்கறிஞர்’ என உறவாலோ தொழிலாலோ குறித்தால் போதும். பதிப்பகம் அளவு குறிப்பிட்டிருந்தால் அதை மீற வேண்டாம். குறிப்பிடாவிட்டால் 500 சொற்கள் அளவில் நிறுத்திக்கொள்ளலாம். ‘நெஞ்சை உருக்கும் காவியம்’ போன்ற தற்புகழ்ச்சியை நாங்கள் படிக்காமல் தாண்டிவிடுவோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தியாயம் அத்தியாயமாகப் புரட்டிச் சுருக்குவதைவிட, கைப்பிரதியை மூடிவைத்து நினைவிலிருந்தே எழுதிப் பார்க்கும்படி எழுத்தாளர்களிடம் சொல்லி வருகிறேன். கதையின் முதுகெலும்பு எதுவோ அதுவே நினைவில் எஞ்சும். எழுதியதை நாவலைப் படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். ‘இவள் ஏன் இப்படிச் செய்கிறாள்?’ என்று அவர் கேட்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு நாவலில் தேடுங்கள். பதில் அங்கே இருந்தால் சுருக்கத்தில் ஒரு தொடரைச் சேர்த்தால் போதும். அங்கும் இல்லையென்றால், திருத்த வேண்டியது நாவலைத்தான்.