சட்டியைச் சரித்துப் பார்ப்பதுபோல்: சத்திரசிகிச்சைக் கூடத்தில் குருதி உறைவுப் பரிசோதனை

கொழும்பின் வெள்ளவத்தையில் எருமைத் தயிர் வாங்குபவர்கள் சட்டியை இலேசாகச் சரித்துப் பார்ப்பதுண்டு; உள்ளிருப்பது தளும்பாமல் சட்டியோடு சேர்ந்தே சரிந்தால் தயிர் நன்கு உறைந்திருக்கிறது. சத்திரசிகிச்சையின் நடுவே, நோயாளியின் அருகிலேயே வைத்துச் செய்யப்படும் உறைவுப் பரிசோதனை ஒன்றும் ஏறத்தாழ இதே காரியத்தைத்தான் செய்கிறது.

1948இல் ஜேர்மனியரான ஹெல்முட் ஹார்ட்டெர்ட் விவரித்த இம்முறையில், ஒரு மில்லிலீற்றரில் சுமார் மூன்றிலொரு பங்கு குருதி, 37 பாகை செல்சியஸில் வைக்கப்பட்ட சிறு கிண்ணத்தில் இடப்படுகிறது. மெல்லிய கம்பியில் தொங்கும் தண்டொன்று அதனுள் அமிழ்ந்திருக்க, கிண்ணம் 5 பாகைக்கும் சற்றுக் குறைவான கோணத்தில் முன்னும் பின்னுமாகத் திரும்பிக்கொண்டேயிருக்கும். குருதி நீர்மையாக உள்ளவரை தண்டு அசையாது. குருதி உறையும்போது உருவாகும் பைபிரின் என்னும் புரத இழைகள் கிண்ணத்தையும் தண்டையும் பிணைக்கத் தொடங்கியதும் தண்டும் சேர்ந்து திரும்ப, திரையில் ஒற்றைக் கோடு இரண்டாகப் பிரிந்து விரிகிறது.

அந்த விரிவின் வடிவத்தை வாசிப்பதே மயக்கமருந்து வைத்தியரின் திறமை. பிரிவதற்குத் தாமதமானால் உறைவுக் காரணிகள் குறைந்திருக்கலாம், அல்லது உறைவைத் தடுக்கும் மருந்தான ஹெப்பரின் எஞ்சியிருக்கலாம். பிரிந்தும் போதிய அகலம் வராவிட்டால் குருதிச் சிறுதட்டுகளிலோ, பைபிரினாக மாறும் புரதமான பைபிரினோஜனிலோ குறை இருக்கிறது. அகன்றபின் விரைவாக மீண்டும் ஒடுங்கினால், உறைந்த கட்டி கரைந்துகொண்டிருக்கிறது, அதற்கு உரியது கரைவதைத் தடுக்கும் ட்ரனெக்சாமிக் அமிலம். எது குறைகிறதோ அதை மட்டும் கொடுக்க முடிவதால், தானமாகக் கிடைத்த குருதியும் வீணாவதில்லை.

வழமையான ஆய்வுகூடப் பரிசோதனைகள் கலங்களை நீக்கிய திரவவிழையத்தில் செய்யப்படுபவை. உறைவு எப்போது தொடங்குகிறது என்பதைக் கூறுமேயன்றி, கட்டியின் உறுதியைக் கூறா. மாதிரி கீழ்மாடிக்குப் போய் அறிக்கை திரும்ப முக்கால் மணிநேரம் ஆகிவிட்டால், கையில் கிடைப்பது முக்கால் மணிநேரத்துக்கு முந்திய குருதியின் கதை.

இதய சத்திரசிகிச்சையில் தேவை இன்னும் எளியது. இதய-நுரையீரல் இயந்திரத்துக்குள் குருதி உறையாதிருக்க ஹெப்பரின் ஏற்றி, வழமையாகச் சுமார் 2 நிமிடத்தில் உறையும் மாதிரி 480 செக்கன்கள்வரை உறையாதிருக்கிறதா என்று சிறு கருவியில் பார்ப்பார்கள். இறுதியில் புரோட்டமின் என்னும் மருந்தைக் கொடுத்து ஹெப்பரினை முறிப்பார்கள்.

கிண்ணப் பரிசோதனைக்கும் எல்லைகள் உண்டு. கிண்ணத்தில் குருதிக்கலனின் சுவர் இல்லை, ஓட்டமும் இல்லை. அஸ்பிரின் சிறுதட்டுகளை முடக்கியிருந்தாலும் இப்பரிசோதனையின் சாதாரண வடிவில் அது பெரும்பாலும் தெரியாது. வெப்பநிலையும் ஏமாற்றும்: குளிரூட்டிய கூடத்தில் நீண்டநேரம் கிடந்து 34 பாகைக்கு இறங்கிவிட்ட உடலின் குருதியைக் கருவி 37 பாகைக்குச் சூடாக்கிவிட்டே அளப்பதால், திரையில் கோடு செம்மையாக விரிந்திருக்க, காயத்தில் குருதி கசிந்துகொண்டிருக்கலாம்.