குறுக்கெழுத்துக்கு உதவி: ஓர் எழுத்து போதும்

நாளிதழின் குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு கட்டம் மட்டும் நிரம்பாமல் நிற்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் குறிப்பைப் படித்துக்காட்டுகிறோம், அவர் விடையைச் சொல்லிவிடுகிறார். ஆனால் அதே சொல் சில வாரம் கழித்து இன்னொரு புதிரில் வந்தால், பெரும்பாலும் மறுபடியும் அங்கேயே நிற்போம். ஏன்?

ஒரு சொல்லின் பொருளும் அதன் ஒலியும் நினைவில் தனித்தனியே இருக்கின்றன என்பதுதான் உளவியலாளர்கள் தரும் விளக்கம். பொருளிலிருந்து ஒலிக்குப் போகும் இணைப்பு பலவீனமாக இருந்தால், சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிடும். ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற இருவர் ஹார்வர்டில் இதை ஆராய்ந்து 1966-இல் வெளியிட்டார்கள். அரிதான சொற்களின் பொருளை மாணவர்களுக்குப் படித்துக்காட்டி, சொல்லைக் கேட்டார்கள். கிட்டத்தட்ட நாம் போடும் புதிரேதான். சொல் வராமல் தவித்தவர்களில் பலரால் அதன் முதல் எழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் சரியாகச் சொல்ல முடிந்தது. முழுச் சொல் வராவிட்டாலும் அதன் துண்டுகள் வந்துவிடுகின்றன.

அப்படியானால் பிடிவாதமாக யோசித்துக்கொண்டே இருந்தால் போதுமா? 2008-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆமி பெத் வாரினர், கேரின் ஹம்ஃப்ரீஸ் இருவரும் செய்த சோதனை இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. சொல் வராமல் தவிப்பவர்களில் சிலருக்கு 10 நொடியிலும், சிலருக்கு 30 நொடியிலும் விடையைக் காட்டினார்கள். இரண்டு நாள் கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது, 30 நொடி தவித்தவர்களே மறுபடி அதிகம் மாட்டிக்கொண்டார்கள். தவிக்கும் நேரத்தில், சொல் வராமல் நிற்கும் அந்தத் தவறான பாதையையே மூளை பழகிக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். ஹம்ஃப்ரீஸ் பங்கேற்ற பிந்தைய ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: சொல்லைத் தாமாகவே பிடித்தவர்கள், ஒலிக்குறிப்பு ஒன்றின் துணையோடு பிடித்தாலும் சரி, அடுத்த முறை குறைவாகவே தடுமாறினார்கள்.

இதோடு ஸ்லமெக்கா, கிராஃப் என்ற உளவியலாளர்கள் இருவரின் 1978 ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் எழுத்தை வைத்துத் தாங்களே உருவாக்கிய சொற்களை, வெறுமனே படித்த சொற்களைவிட மக்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே உதவி கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. சீக்கிரம் கேளுங்கள், ஆனால் விடையைக் கேட்காமல் ஓர் எழுத்தைக் கேளுங்கள்.

எந்த எழுத்தை? இதில்தான் தமிழ்ப் புதிரின் அழகே இருக்கிறது. ‘கூட்டினால் வருவது (4)’ என்று ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘மொத்தம்’ பொருந்தும், ‘கூடுதல்’ என்பதும் பொருந்தும். மூன்றாம் எழுத்தைக் கேட்டால் ‘த’ என்று வரும். இரண்டு சொல்லிலும் அது ‘த’தான், கேட்டதே வீண். முதல் எழுத்தைக் கேட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

இன்னும் ஒரு படி போகலாம். இரண்டாம் கட்டத்தில் ‘த்’ இருப்பது குறுக்கே வரும் சொல்லிலிருந்து தெரிந்துவிட்டால், மூன்றாம் கட்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தமிழ்ச் சொல்லுக்குள் ‘த்’ வந்தால் அடுத்தது த, தா, தி என்ற வரிசையில் ஒன்றுதான். 247 எழுத்துகளில் 12 மட்டுமே மிஞ்சும். க், ச், ப் ஆகியவையும் அப்படியே தத்தம் வரிசையைத்தான் கூட்டி வரும். பக்தி, சப்தம், உத்யோகம் போன்ற வடமொழி வழிச் சொற்கள் விதிவிலக்கு. ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளமானவை: நட்பு, காட்சி, முயற்சி. புள்ளி எழுத்தில் சொல் தொடங்காது. அ, ஆ போன்ற உயிரெழுத்துகள் பொதுவாகச் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும். நம் புதிர்களில் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்றும் சொற்கள் வருவதால், இந்த விதிகளை அங்கே திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். தொல்காப்பியம் மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளை வகுத்துச் சொன்னது பென்சிலும் கையுமாக இருப்பவருக்கும் உதவுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இப்படி முன்கூட்டியே ஊகிக்க முடிகிற தன்மையைத்தான், செய்திகளில் உள்ள தகவலைக் கணிதத்தால் அளக்கும் தகவலியலில் ‘மிகைமை’ என்கிறார்கள். அத்துறையைத் தொடங்கிவைத்த கிளாட் ஷானன், தன் 1948 கட்டுரையில் குறுக்கெழுத்தையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். மிகைமை பூஜ்யம் என்றால் எழுத்துகளை எப்படிக் கொட்டினாலும் புதிர் ஆகிவிடும். மிக அதிகமானால் பெரிய புதிரை அமைக்கவே முடியாது. மொழியின் கட்டுப்பாடுகள் ஓரளவு தாறுமாறாக அமைந்தவை என்று வைத்துக்கொண்டால், மிகைமை 50 சதவீதம் வரை இருந்தால்தான் பெரிய புதிர்கள் சாத்தியம் என்பது அவர் கணக்கு.

கணினிகளும் இந்த வழியில்தான் போகின்றன. 2021-இல் அமெரிக்கக் குறுக்கெழுத்துப் போட்டித் தொடரில் மனிதர்களை முந்தி முதலிடம் பிடித்த ‘டாக்டர் ஃபில்’, மேட் கின்ஸ்பெர்க் எழுதிய நிரல். அந்த ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவின் நரம்பியல் வலைப்பின்னலும் (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் நிரல்) அதனுடன் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு குறிப்புக்கும் பல விடைகளை மதிப்பெண்ணோடு ஊகிப்பது ஒரு பகுதி. குறுக்கே வரும் எழுத்துகளோடு எது சிறப்பாக ஒத்துப்போகிறது என்று தேடுவது மறு பகுதி. ‘மொத்தம்’, ‘கூடுதல்’ இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே வரும் சொல்லுக்காக நாம் காத்திருப்பதும் அதே கணக்குதான். அதனால் சந்தேகமான சொல்லைப் பேனாவால் அழுத்தி எழுதாமல், ஓரத்தில் இரண்டையும் குறித்துவைப்பது நல்லது. குறுக்குச் சொற்களும் கைகொடுக்கவில்லை என்றால், நெடுநேரம் போராடாமல் பக்கத்தில் இருப்பவரிடம் முதல் எழுத்தைக் கேட்டுவிடலாம்.