பல் முளைத்தல்

‘எரப்ஷன்’ என்று பல் மருத்துவர்கள் சொல்வதைச் சிலர் ‘பல் வெடிப்பு’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அதைப் படிக்கும் தாய், குழந்தையின் பல்லில் கீறல் விழுந்திருக்கிறது என்றுதான் நினைப்பாள்.

ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘ரும்பெரே’ என்றால் உடைத்தல். எரிமலை குமுறுவதற்கும் தோலில் தடிப்பு கிளம்புவதற்கும் அதே சொல்தான். ஈறு திறக்கும் அந்த ஒரு நொடியை வைத்து வந்த பெயர். ஆனால் மருத்துவத்தில் அதன் பொருள் நீளமானது. தாடையெலும்புக்குள் உருவான பல், தனக்கு மேலுள்ள எலும்பு கரைந்து வழிவிட, மெல்ல நகர்ந்து, ஈறைத் தாண்டி, எதிர்வரிசைப் பல்லைத் தொடும்வரை போகிற முழுப் பயணமும் அதில் அடங்கும். அப்புறமும் அது ஓய்வதில்லை. எதிரே உள்ள பல்லை எடுத்துவிட்டால், இந்தப் பல் அந்த இடைவெளியை நோக்கி இறங்கி வரக்கூடும்.

இவ்வளவையும் தாங்கும் சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: பல் முளைத்தல். விதைநெல்லை ஊறவைத்து, முளைகட்டிய பிறகுதானே நாற்றங்காலில் விதைக்கிறோம்? மண்ணைப் பிளந்து வெளியே தெரிந்தால்தான் முளை என்பதில்லை. நிலைப்பல்லும் அப்படித்தான், ஈறுக்கு மேல் தலைகாட்டும்போதே அதன் வேரில் பாதிக்கு மேல் உள்ளே வளர்ந்திருக்கும். மலையாளத்திலும் பல் முளைக்கத்தான் செய்கிறது. ஈறைத் தாண்டும் கட்டத்தை மட்டும் சொல்ல வேண்டுமா? ‘பல் வெளிவருதல்’ போதும்.

பால்பல் 20, பொதுவாக ஆறாம் மாதவாக்கில் கீழ் முன்பல்லில் தொடங்கி, ஒவ்வொன்றாக வரும். ‘பல் விழுந்து முளைத்தல்’ என்ற வழக்கில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஆறு வயதையொட்டி வரும் முதல் நிலைக் கடைவாய்ப்பல் எதுவும் விழாமலேயே, பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கிறது. எதுவும் விழாததால் அதையும் பால்பல் என்று எண்ணி, சொத்தை வந்தாலும் ‘விழுந்து முளைச்சிடும்’ என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் வேறு முளைக்காது.

இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி முளைத்தால் தெற்றுப்பல். தெற்றுதல் என்றால் பின்னிக்கொள்ளுதல், பேச்சில் தெத்துப்பல். வழியில்லாமல் எலும்புக்குள்ளேயே தங்கிவிடும் பல்லுக்குப் ‘புதைபல்’ என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கடைசியாக வரும் ஞானப்பல்தான் பெரும்பாலும் அப்படி மாட்டிக்கொள்கிறது.